பூப்பந்துப் போட்டியை டிவிக்குக் கொண்டுபோவது எப்படி? ஒளிபரப்பு உரிமைப் பேச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் கம்பளிப் பந்து, ஓர் அணிக்கு ஐந்து பேர், 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட களம். தஞ்சாவூர் அரச குடும்பத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பூப்பந்து (பால் பேட்மிண்டன்) ஒரு காலத்தில் ஊர் ஊராக ஆடப்பட்டது. ஜே. பிச்சையா 1970-இல் இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். இன்று பெரும்பாலும் கல்லூரி, ரயில்வே, வங்கி அணிகளும் விடாப்பிடியான சில ஊர்களும்தான் மிச்சம். போட்டியை டிவியில் காட்ட வேண்டும் என்று கிளம்பும் மாநில, மாவட்டச் சங்கங்களுக்கும் கோப்பைப் போட்டி நடத்தும் குழுக்களுக்கும் இந்தப் பதில்கள். பால் பேட்மிண்டனுக்காக எழுதியவை என்றாலும் வாலிபால், கோ-கோ, கேரம் நடத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சேனல் எங்களுக்கு எவ்வளவு உரிமைத்தொகை தரும்?

ஒன்றும் தராது. இந்த எதிர்பார்ப்போடு போனால் முதல் சந்திப்பே கடைசிச் சந்திப்பாகிவிடும். ஒரே போட்டிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால்தான் உரிமைத்தொகை என்ற ஒன்று உருவாகும். 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்தியாவில் இணைந்த பிறகு, தனியார் விளையாட்டுச் சேனல்களில் கனமாக வாங்கக்கூடியவர்கள் ஜியோஸ்டார், சோனி இரண்டு பேர்தான். அவர்களும் கிரிக்கெட்டுக்குக் கொட்டிய பணத்தை எடுக்கும் கவலையில் இருக்கிறார்கள்.

ஆகவே பணத்தைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நல்ல நேரத்தில் ஸ்லாட் (ஒளிபரப்பு நேரம்), விளம்பர நொடிகளில் பங்கு, காட்சிகளின் உரிமை, டிஜிட்டல் உரிமை ஆகிய நான்கையும் கேளுங்கள். பணம் தராத சேனல் இவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளப் பார்க்கும். பேச்சுவார்த்தை முழுக்க அதைத் தடுப்பதற்காகத்தான்.

கபடிக்கு மட்டும் கொட்டிக் கொடுக்கிறார்களே?

கபடியில் சேனலே பங்குதாரர். 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியது. முதல் சீசனை 43.5 கோடிப் பேர் பார்த்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே லீக்கை நடத்தும் மஷால் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் 74 சதவீதத்தை ஸ்டார் வாங்கிவிட்டது. தன் சொந்தச் சரக்குக்குத் தானே நல்ல நேரமும் விளம்பரமும் கொடுத்தது. மண்ணிலிருந்து மேட் விரிப்புக்கு, வெயிலிலிருந்து உள்ளரங்கத்துக்கு ஆட்டம் மாறியது. 30 நொடி ரெய்டு என்பது டிவிக்கென்றே பிறந்த அலகு. அதற்கு மேல், புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டு போனவர் வெளியேற வேண்டிய ‘டூ ஆர் டை’ ரெய்டையும் சேர்த்தார்கள்.

நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது வாலிபாலை. 2019 பிப்ரவரியில் சோனியில் புரோ வாலிபால் லீக் வந்தது. இறுதிப் போட்டி சென்னை நேரு உள்ளரங்கில், சென்னை ஸ்பார்ட்டன்ஸுக்கும் காலிகட் ஹீரோஸுக்கும் நடந்தது. ஆட்டம் நன்றாக இருந்தது, கூட்டமும் வந்தது. பிறகு வாலிபால் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முறிந்து, வழக்காகி, லீக் அந்த ஒரே சீசனோடு நின்றது. 2022-இல் பிரைம் வாலிபால் லீக் என்று வேறு பெயரில், சம்மேளனம் இல்லாமல், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பார்வையாளர் இல்லாமல் அந்த ஆட்டம் நிற்கவில்லை. காகிதம் சரியில்லாமல் நின்றது.

உரிமை யாருடையது? சங்கத்துடையதா, போட்டி நடத்தும் குழுவுடையதா?

சேனலின் சட்டப் பிரிவு முதலில் கேட்பது இதைத்தான். விளையாட்டுப் போட்டி என்ற நிகழ்வுக்குத் தனியாகக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. உங்களிடம் இருப்பது மைதானத்துக்குள் யார் கேமராவோடு வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும், அதைச் சுற்றிப் போடும் ஒப்பந்தங்களும்தான். வானலை பொதுச்சொத்து, அதில் அரசுக்கு ஏகபோகம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் சொன்ன பிறகே, போட்டி நடத்துகிறவர் தனக்குப் பிடித்த சேனலோடு பேசும் நிலை வந்தது.

கையில் வைத்திருக்க வேண்டிய கடிதங்கள்:

- தேசியப் போட்டியானால் இந்தியச் சம்மேளனத்தின் எழுத்து அனுமதி, மாநிலப் போட்டியானால் மாநிலச் சங்கத்தின் தீர்மான நகல். செயலாளர் கையெழுத்து மட்டும் போதாது. நிர்வாகக் குழுத் தீர்மான எண்ணும் தேதியும் வேண்டும்.
- மைதானத்தின் வாடகைக் கடிதம். அதில் ‘ஒளிப்பதிவு, நேரடி ஒளிபரப்பு, விளம்பரப் பலகைகள்’ என்று எழுதியிருக்க வேண்டும். அரசு விளையாட்டரங்கங்களிலும் கல்லூரிகளிலும் ஆடுவதற்கு ஒரு கட்டணம், படமெடுக்க வேறு கட்டணம் என்று கடைசி நாளில் சொல்வார்கள்.
- ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அரைப்பக்கச் சம்மதக் கடிதம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. ரயில்வே, காவல்துறை, வங்கி அணிகளில் இருப்பவர்களுக்குத் துறை அனுமதி. இதைப் பதிவுப் படிவத்திலேயே சேர்த்துவிட்டால் தனியாக அலைய வேண்டாம்.

உங்கள் ஆட்டத்துக்கு இரண்டு சங்கங்கள் இருந்தால், அந்தத் தகராறு தீரும்வரை பல ஆண்டு ஒப்பந்தம் பேசவே வேண்டாம். 2012-இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி அப்படித்தான் நடந்தது. ஒரு சங்கம் நடத்தியது, மற்றொரு சங்கம் அங்கீகரிக்கவில்லை. சென்னை சீட்டாஸ் உட்பட அணிகள் ஆடின. இரண்டாவது சீசன் வரவேயில்லை.

என்னென்ன வகையில் ஒப்பந்தம் போடலாம்?

நடைமுறையில் மூன்று. முதலாவது டைம் பை: நீங்கள் சேனலுக்குப் பணம் கட்டி ஸ்லாட்டை வாங்குகிறீர்கள், விளம்பர நேரம் முழுவதும் உங்களுடையது. இரண்டாவது விளம்பர நொடிப் பகிர்வு: நீங்கள் படமெடுத்துக் கொடுக்கிறீர்கள், சேனல் இலவசமாக ஒளிபரப்புகிறது, விளம்பர நேரத்தை இருவரும் பிரித்துக்கொள்கிறீர்கள். மூன்றாவதில் படமெடுக்கும் செலவு சேனலுடையது, காட்சிகளும் சேனலுடையவை. உங்களுக்கு டிவியில் முகம் தெரியும், அவ்வளவுதான்.

சின்ன ஆட்டத்துக்கு இரண்டாவதே ஏற்றது. ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அதில் 2 நிமிடம் வரை சேனலின் சொந்த முன்னோட்டத்துக்கு. மிச்சம் 10 நிமிடம், அதாவது 600 நொடி. இங்கே விளம்பரம் 10 நொடிக் கணக்கில் விற்கப்படுவதால் மணிக்கு 60 ஸ்பாட். இரண்டு மணி நேர ஸ்லாட்டுக்கு 120. பாதிப் பாதி என்றால் உங்களுக்கு 60. டைட்டில் ஸ்பான்சருக்கு 20, துணை ஸ்பான்சர் இருவருக்குப் பத்துப் பத்து கொடுத்தால் விற்க 20 மிஞ்சும். அந்த இருபதை வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேசுங்கள். விற்காத ஸ்பாட்டை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது.

சேனல் ‘சமபங்கு’ என்று சொல்லும்போது நொடியில் பங்கா, வருமானத்தில் பங்கா என்று கேளுங்கள். நொடியில் வாங்குங்கள். வருமானப் பங்கு என்றால் சேனல் உங்கள் நேரத்தை வேறு நிகழ்ச்சிகளோடு சேர்த்து மொத்தமாக விற்றுவிட்டு, உங்கள் கணக்கில் எவ்வளவு எழுதுகிறது என்று உங்களால் சரிபார்க்க முடியாது.

டைம் பை பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்பான்சரின் பணம் கைக்கு வருவதற்கு முன் சேனலுக்கு முன்பணம் கட்டாதீர்கள். ‘கண்டிப்பாகத் தருகிறேன்’ என்று மேடையில் சொன்னவர் போட்டி முடிந்ததும் போனை எடுக்க மாட்டார்.

எந்தச் சேனலிடம் போவது?

டிடி ஸ்போர்ட்ஸ், டிடி தமிழ் இரண்டையும் முதலில் பாருங்கள். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை, ஆகவே பூப்பந்து இன்னும் உயிரோடிருக்கும் ஊர்களின் வீடுகளுக்கு நேராகப் போகும். டிடியை நடத்தும் பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியையும் அதே பேச்சில் சேர்த்துக் கேளுங்கள். முடிவெடுக்க நாளாகும், கடிதம் பல மேசை தாண்ட வேண்டும். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

தமிழில் ஸ்டார் ஸ்போர்ட்ஸும் சோனியும் விளையாட்டுச் சேனல் வைத்திருக்கின்றன. அவர்களிடம் நேரலை கேட்பதைவிட ஒரு மணி நேர ஹைலைட்ஸ் தொகுப்பாகக் கொடுத்தால் வாய்ப்பு அதிகம். உள்ளூர் கேபிள் சேனலை இளக்காரமாக நினைக்க வேண்டாம். மாவட்டப் போட்டிக்கு அதுதான் சரியான அளவு.

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்ற சட்டம் எங்களுக்கு உதவுமா?

உதவாது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அறிவிக்கை செய்த போட்டிகளுக்கு மட்டும். அந்த விளம்பர வருமானத்தில் 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. ஆனால் இந்த 75:25 விகிதத்தைப் பேச்சில் ஒரு முன்மாதிரியாக எடுத்துவைக்கலாம்.

எப்போது நடத்தினால் ஸ்லாட் கிடைக்கும்?

மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஐபிஎல், அதைத் தொடர்ந்து டிஎன்பிஎல். இந்த மாதங்களில் யாரும் உங்கள் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாலை 6 முதல் 10 வரை தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களில் சீரியலை அசைக்க முடியாது. ஞாயிறு காலையும் பொங்கல் விடுமுறை நாட்களின் பகலும் பேசக்கூடியவை. போட்டித் தேதியை முடிவு செய்துவிட்டுச் சேனலிடம் போகாதீர்கள். இரண்டு மூன்று தேதிகளோடு போங்கள்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

90 நொடி வீடியோ ஒன்று, இரண்டு பக்கத் தாள் ஒன்று. வீடியோவில் குத்துவிளக்கும் சால்வையும் வேண்டாம், பந்து மாறி மாறிப் பறக்கும் ரேலி மட்டும் இருக்கட்டும். தாளில் போட்டி நாட்கள், எத்தனை ஆட்டம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ எத்தனை நிமிடம், எந்தெந்த மாவட்ட அணிகள், கையில் உள்ள ஸ்பான்சர் யார், படமெடுப்பது யார், சென்ற ஆண்டு யூடியூபில் எவ்வளவு நேரம் பார்த்தார்கள். வியூஸ் எண்ணிக்கையைவிடச் சராசரியாக எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பதையே நிகழ்ச்சிப் பிரிவினர் கவனிப்பார்கள். பழம்பெருமை ஒரு வரி போதும்.

படமெடுக்க என்ன தேவை?

பல சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். கல்யாண வீடியோ யூனிட்டைக் கூப்பிட்டு எடுத்ததைச் சேனலின் தொழில்நுட்பப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

குறைந்தது நான்கு கேமரா. பிரதான கேமரா களத்தின் ஒரு முனைக்குப் பின்னால், 5 முதல் 6 மீட்டர் உயரத்தில், எண்ட் லைனிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் பந்தைத் துரத்தி இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இரண்டாவது அதே மேடையில் குளோஸப்புக்கு. மூன்றாவது வலைக்கு அருகில், தரையில். நான்காவது எதிர்முனையில், முகம் காட்ட. ஐந்தாவது கிடைத்தால் ஸ்லோ மோஷனுக்கு. பூப்பந்தின் அழகே கம்பளிப் பந்து காற்றில் வளைவது. அதை மறுஒளிபரப்பில் காட்டாவிட்டால் புதிதாகப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

பந்து சுமார் 5 சென்டிமீட்டர்தான். மஞ்சள் நிறம் செம்மண் தரையிலும் பச்சை மேட் விரிப்பிலும் நன்றாகத் தெரியும், ஆனால் வெள்ளைச் சாமியானாவின் முன்னால் காணாமல் போய்விடும். எதிர்முனையில் கருநீலம் அல்லது கரும்பச்சைத் துணி கட்டுங்கள். விளம்பரப் பலகைகளிலும் மஞ்சள், வெள்ளைப் பின்னணி கூடாது. இதை ஸ்பான்சரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இரவு ஆட்டத்துக்குக் களம் முழுவதும் 1,000 லக்ஸ் அளவில் சீரான வெளிச்சம் தேவை. சாதாரண எல்இடி விளக்குகள் ஸ்லோ மோஷனில் மினுக்கும். வாடகைக்கு எடுக்கும்போதே ‘ஃப்ளிக்கர் இல்லாதது’ என்று கேட்டு, முந்தைய இரவே ஒரு ஸ்லோ மோஷன் ஷாட் எடுத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் இரண்டு வேண்டும். விளக்குகளுக்கு ஒன்று, கேமராக்களுக்கும், கேமராக் காட்சிகளை மாற்றித் தரும் சுவிட்சருக்கும் ஒன்று. ஒன்றிலேயே எல்லாவற்றையும் மாட்டினால் விளக்கு ஏறும்போது சுவிட்சர் இறங்கும்.

நேரலைக்கு இணையம் வழி அனுப்பினால் ஃபைபர் இணைப்பில் அப்லோடு வேகம் நிலையாக 20 எம்பிபிஎஸ் இருக்கட்டும். கூடவே பல சிம்களைச் சேர்த்து அனுப்பும் கருவி ஒன்று மாற்றுக்கு. கூட்டம் சேர்ந்ததும் மைதானத்தில் மொபைல் நெட்வொர்க் படுத்துவிடும் என்பதால் சிம் மட்டும் நம்பி இறங்கக் கூடாது. சேனலுக்கு இரண்டு ஃபீட் (அனுப்பும் காட்சி) கொடுங்கள்: ஸ்கோரும் லோகோவும் உள்ள ஒன்று, எதுவுமில்லாத சுத்தமான ஒன்று. சுத்தமான ஃபீட்டின் பதிவு உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்க வேண்டும்.

ஆட்டத்தின் விதியை டிவிக்காக மாற்ற வேண்டுமா?

ஏற்கெனவே மாறித்தான் வந்திருக்கிறது. 29 புள்ளி ஆட்டம் 35 ஆனது. மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி என்பதால் ஸ்லாட்டுக்குள் அடக்குவதுதான் சிக்கல். முதல் இரண்டு ஆட்டங்களிலேயே முடிந்தால் நேரம் மிஞ்சும், மூன்றாவதுக்குப் போனால் இடிக்கும். புரோ வாலிபால் லீக்கில் செட்டுக்கு 15 புள்ளி, எப்படியானாலும் ஐந்து செட்டும் ஆட வேண்டும் என்று வைத்தது இதற்காகத்தான். நீங்கள் அழைப்புப் போட்டி நடத்தினால் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். சாம்பியன்ஷிப்பில் கை வைக்கச் சம்மேளனத்தின் அனுமதி வேண்டும். விளம்பரத்தை ஆட்டங்களுக்கு இடையிலான ஓய்விலும் டைம் அவுட்டிலும் வையுங்கள். ரேலியை வெட்டி விளம்பரம் போடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், ஏனென்றால் போடுவார்கள்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சேனல் தரும் மாதிரி ஒப்பந்தத்தில் ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்’ என்ற வரி இருக்கும். பணம் கொடுக்காதவருக்கு இந்த வரி கிடையாது. அதை அடித்துவிட்டு, இந்தியா, டிவி மட்டும், இந்த ஒரு சீசன், இத்தனை முறை ஒளிபரப்பு என்று எழுதுங்கள்.

காப்புரிமைச் சட்டத்தில் சில விஷயங்கள் எழுதாவிட்டால் தானாக அமலுக்கு வரும். உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா. படத்துக்கு முதல் உரிமையாளர் அதன் தயாரிப்பாளர். நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அது உங்களுடையது. படமெடுக்கும் நிறுவனம் ‘பாதிக் காசு போதும், ஃபுட்டேஜ் எங்களிடம் இருக்கட்டும்’ என்று சொன்னால் யோசியுங்கள். பத்து ஆண்டு கழித்து இந்த ஆட்டத்தின் ஒரே பதிவு அதுவாக இருக்கலாம்.

ஒளிபரப்பாத உரிமை திரும்பி வரும் என்ற பிரிவு கட்டாயம். சேனல் 60 நாளில் ஒளிபரப்பாவிட்டால் உரிமை உங்களுக்கே. வாங்கி அலமாரியில் வைப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம்.

ஸ்லாட்டை மாற்றினால் என்ன என்பதும் இருக்க வேண்டும். கிரிக்கெட் நீண்டால் உங்கள் நேரலை காணாமல் போகும். ‘அதே நாளில் மாற்று நேரம், இல்லாவிட்டால் அதே அளவு கூடுதல் ஸ்பாட்’ என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்த சீசனுக்கு ‘முதலில் பேசும் உரிமை’ 30 நாள் கொடுக்கலாம். ‘வேறு யார் என்ன விலை சொன்னாலும் அதைச் சமன் செய்து எடுக்கும் உரிமை’ கேட்டால் கொடுக்காதீர்கள். அது இருப்பது தெரிந்தால் வேறு யாரும் விலை சொல்லவே வர மாட்டார்கள்.

யூடியூபில் நாங்களும் போடலாமா?

போட வேண்டும். அதற்கான உரிமையைத்தான் கடைசிவரை விடக்கூடாது. சேனல் தயங்கினால், டிவியில் வந்த 24 மணி நேரத்துக்குப் பிறகு முழு ஆட்டம், உடனுக்குடன் 60 நொடித் துண்டுகள் என்று சமரசத்துக்கு வரலாம். சேனல் தன் நிகழ்ச்சியை, ஒரே காட்சி வேறு இடத்தில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்தால் உங்கள் சொந்த வீடியோவுக்கே உரிமைக் கோரல் வரும். உங்கள் யூடியூப் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி சினிமாப் பாட்டு. மைதானத்தில் ஸ்பீக்கர் அலற, அது கமெண்டரி மைக்கில் ஏறி, மூன்று மணி நேர வீடியோ முடங்கிவிடும். டிவி சேனலும் இதே காரணத்துக்காக ஒலியை வெட்டும். ஆட்டம் நடக்கும்போது பாட்டு வேண்டாம். தவில், பறை என்று ஆளை வைத்து அடியுங்கள், திரையில் கேட்கவும் நன்றாக இருக்கும்.

அரசு அனுமதி ஏதாவது?

நேரலை நிகழ்ச்சியை ஒலிபரப்பு அமைச்சகத்தின் தளத்தில் முன்கூட்டிப் பதிவு செய்வது சேனலின் வேலை. 2022 வழிகாட்டு நெறிகளின்படி பதிவு போதும், தனி அனுமதி வேண்டாம். மைதானத்துக்கான காவல்துறை அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி உங்களுடையவை.

ஸ்பான்சரில் என்ன சிக்கல் வரும்?

களத்தில் உங்கள் ஸ்பான்சர் ஒரு எண்ணெய் நிறுவனம், சேனலில் விளம்பரம் அதன் போட்டி நிறுவனம். இதில் இருவரும் கோபிப்பார்கள். டைட்டில் ஸ்பான்சரின் பொருள் வகையில் வேறு விளம்பரம் அந்த ஸ்லாட்டில் வராது என்று சேனலிடம் ஒரு வரி வாங்குங்கள். மதுபான, குட்கா பெயர்கொண்ட ‘சோடா’, ‘பாக்கு’ விளம்பரங்களைச் சேனல் மறுக்கலாம், பலகையைக் கழற்றச் சொல்லலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளும் அவற்றின் விளம்பரமும் 2025 ஆகஸ்ட் சட்டத்தால் தடை செய்யப்பட்டுவிட்டன. சின்ன லீக்குகளுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் கதவு மூடிவிட்டது. ‘செய்தித் தளம்’ என்ற பெயரில் வரும் சூதாட்ட நிறுவனங்களிடமும் சிக்காதீர்கள்.

டிஆர்பி பூஜ்யம் என்று காட்டுகிறார்களே?

டிவி பார்ப்பதை அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் மீட்டர் நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில்தான். நான்கைந்து மாவட்டங்களில் பார்க்கப்படும் ஆட்டம் அந்தச் சல்லடையில் நிற்காது. அதனால் ரேட்டிங்கோடு கட்டிய எந்த நிபந்தனையையும் ஏற்காதீர்கள். மாறாக, ஒளிபரப்பான நேரப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த ஸ்பாட் எந்த நொடியில் ஓடியது என்று அதில் இருக்கும். ஸ்பான்சர் பணம் கொடுப்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

மழை வந்தால்?

முழு இரவு மழையென்றால் ஆடுவதற்கு ஓர் உபரி நாள் என்று ஒப்பந்தத்திலேயே வையுங்கள், ஓபி வேன் (ஒளிபரப்புக் கருவிகள் உள்ள வண்டி) வாடகையிலும் சேர்த்துப் பேசுங்கள். ஒரு மணி நேர மழைக்கு, முந்தைய நாள் ஆட்டத்தின் தொகுப்பைத் தயாராக வைத்திருந்தால் போதும்.

பணமே கைமாறவில்லை. ஜிஎஸ்டி எதற்கு?

உரிமையைக் கொடுத்து விளம்பர நொடிகளை வாங்குவது பண்டமாற்று, அதற்கும் வரி உண்டு. பதிவு பெற்ற சேனல் 18 சதவீதம் சேர்த்துப் பில் அனுப்பும். நீங்களும் ஸ்பாட்டுகளை விற்கும்போது ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். பிரித்துக்கொண்ட நொடிகளின் மதிப்பு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் சேனல் தன் விலைப்பட்டியலில் உள்ள விலையைப் போட்டுவிடும், அந்த விலையில் யாரும் வாங்குவதில்லை என்பது வேறு விஷயம். ஸ்பான்சர் பிடித்தம் செய்யும் டிடிஎஸ்ஸுக்குச் சங்கத்தின் பெயரில் பான் எண் இருக்க வேண்டும். செயலாளரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்கினால் அடுத்த தேர்தலில் அதுவே பிரச்சினையாகும்.

தகராறு வந்தால் எங்கே போவது?

மாதிரி ஒப்பந்தத்தில் மும்பை அல்லது டெல்லி என்றிருக்கும். நீதிமன்றத்துக்குப் போகாமல் தீர்க்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) ஒருவர், இடம் சென்னை, மொழி தமிழ் அல்லது ஆங்கிலம் என்று மாற்றக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் இந்தத் தொகைக்கு வழக்குப் போடும் எண்ணம் அவர்களுக்கும் இல்லை. முத்திரைத் தாளில் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு, அசலில் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். நிர்வாகிகள் மாறும்போது ஒப்படைக்கும் பட்டியலில் அந்த ஒப்பந்தத்தோடு ஹார்டு டிஸ்க்கும் யூடியூப் கணக்கின் கடவுச்சொல்லும் இருக்கட்டும்.